அகஸ்டஸோட தோல் என்ன கலர்?

வாத்திகன் மியூசியத்துல ரோமோட முதல் பேரரசர் அகஸ்டஸோட சிலை ஒண்ணு இருக்கு. ரெண்டு மீட்டருக்கு மேல உயரம், மார்புக் கவசம் போட்டுக்கிட்டு வலது கையைத் தூக்கி கூட்டத்துக்கிட்ட பேசற மாதிரி நிக்கும், ரோமப் பேரரசுன்னு எங்க தேடினாலும் முதல்ல வர்ற படங்கள்ல இதுவும் ஒண்ணு. 1863ல ரோமுக்கு வடக்க ப்ரிமா போர்ட்டாங்கற இடத்துல, அகஸ்டஸோட மனைவி லிவியாவோட மாளிகை இடிபாட்டைத் தோண்டும்போது கெடச்சது. இப்ப பாத்தா வெள்ளை மார்பிள்தான். ஆனா தோண்டி எடுத்த காலத்துலயே அங்கங்க சிவப்பு, நீலம், பழுப்பு ஒட்டியிருக்குன்னு பாத்தவங்க எழுதி வச்சுட்டாங்க.

இந்த ஒரே சிலைக்கு ரெண்டு கலர் நகல் இருக்கு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்ததுல இருந்துதான் எனக்கு இந்த விஷயத்துல பைத்தியம் புடிச்சது. ஒண்ணு பாவ்லோ லிவெரானிங்கற இத்தாலிய அறிஞரும் வாத்திகன் குழுவும் சிலைய ஆராஞ்சு செஞ்சது. அதுல மேலங்கி சிவப்பு, முடி பழுப்பு, கண்ணு உதடு எல்லாம் கலர், ஆனா முகம் கை கால்னு தோல் வர்ற இடமெல்லாம் மார்பிளோட வெள்ளையாவே விட்டுட்டாங்க, ஏன்னா அந்த இடத்துல பெயிண்ட் தடயம் எதுவும் கிடைக்கல. இன்னொண்ணு ஸ்பெயின்ல தார்ரகோனா ஊர்ல 2014ல, அகஸ்டஸ் செத்து 2000 வருஷம் ஆனதை ஒட்டி செஞ்சது, அதுல தோலுக்கும் மனுஷத் தோல் கலர் அடிச்சிருக்காங்க. ஒரே சிலை, ஒரே தடயம், ஆனா பாக்கறதுக்கு ரெண்டு வேற வேற ஆள் மாதிரி இருக்கு. ரெண்டு குழுவும் விஷயம் தெரிஞ்சவங்கதான், யாரும் ஏனோதானோன்னு செய்யல. அப்போ தடயம்னா என்ன, அது எதுவரைக்கும் பேசும், எங்க இருந்து நாம பேச ஆரம்பிக்கறோம்?

முதல்ல ஒண்ணு. ரோமச் சிலைகள்ல கலர் இருந்துச்சா இல்லையாங்கற கேள்வி முடிஞ்சு போன கேள்வி. இன்னும் இணையத்துல சிலர் அதையே புதுக் கண்டுபிடிப்பு மாதிரி எழுதறாங்க, வேற சிலர் அது புரளின்னு சண்டை போடறாங்க, ரெண்டுமே வருத்தமா இருக்கு. 1760லயே இத்தாலியில எரிமலைச் சாம்பல்ல புதைஞ்ச பாம்பேய் ஊர்ல ஆர்ட்டெமிஸ்ங்கற தேவதையோட சிலை ஒண்ணு கெடச்சது, முடியிலயும் துணிக் கரையிலயும் கலர் நல்லாவே இருந்துச்சு, இப்ப நேப்பிள்ஸ் மியூசியத்துல இருக்கு. வெள்ளை மார்பிள்தான் அழகுன்னு ஐரோப்பாவையே நம்ப வச்சவர்னு எல்லாரும் குத்தம் சொல்ற ஜெர்மன் கலை வரலாற்றாசிரியர் வின்கெல்மானே அதைப் பாத்து கலரைப் பத்தி எழுதியிருக்கார். என்ன, அதை ரோமக் கிரேக்கக் கணக்குல சேர்க்காம ரோமுக்கு முன்னாடி இத்தாலியில இருந்த எட்ருஸ்கன் மக்களோட வேலைன்னு தள்ளி வச்சுட்டார். உடம்பு எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு அழகுன்னு 1764ல புக்கு எழுதினவருக்கு வேற வழி தோணலை போல. 1815ல பிரான்ஸ்ல காத்ருமேர் த கென்சி, அப்புறம் ஜெர்மனியில கோட்ஃப்ரீட் செம்பர், 1884ல கேயோர்க் ட்ராய்னு அந்த நூறு வருஷத்துல இதைப் பத்தி எழுதாத ஆளே இல்லைங்கற அளவுக்கு விவாதம் நடந்திருக்கு. அப்புறம் 20ஆம் நூற்றாண்டுல பெரும்பாலும் மறந்துட்டாங்க, 2003ல மியூனிக்ல வின்சென்ஸ் பிரிங்க்மானும் உல்ரிக்க கோக் பிரிங்க்மானும் கலர் அடிச்ச நகல்களை வச்சு கண்காட்சி நடத்தின பிறகுதான் பொது ஜனம் திரும்பப் பேச ஆரம்பிச்சது. லிவெரானியோட அகஸ்டஸும் அதுல இருந்துச்சு.

லேப் எதுவும் இல்லாம, வெறும் கண்ணால பாத்தே தெரிஞ்சுக்கற தடயமும் இருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்சது அதுதான். கி.பி. 130 வாக்குல, அதாவது பேரரசர் ஹாட்ரியன் காலத்துல வழக்கம் மாறுது, அதுக்கு முன்னாடி செஞ்ச ரோம முகச்சிலைகளோட கண்ணைப் பாருங்க, முட்டை ஓடு மாதிரி வழவழன்னு இருக்கும், கருவிழி இருக்காது. நெத்திச் சுருக்கத்தையும் கழுத்துத் தொங்கலையும் அவ்வளவு கரெக்டா செதுக்கின ஆளு கண்ணை மட்டும் ஏன் குருடா விட்டான்? விடலை, அதை பெயிண்ட்டர் கிட்ட கொடுத்தான். அதுக்கப்புறம்தான் கருவிழிய கல்லுலயே குடைய ஆரம்பிக்கறாங்க. இதே மாதிரி சில சிலைகள்ல காலுக்கு அடியில செருப்போட அடிப்பாகம் செதுக்கியிருக்கும், மேல வார் இருக்காது. வார் இல்லாத செருப்ப யாரும் செய்ய மாட்டாங்க, அது பெயிண்ட்ல இருந்திருக்கு. செதுக்கறவர் வேலை எங்க நின்னுச்சு, வர்ணக்காரர் வேலை எங்க ஆரம்பிச்சதுங்கறதை கல்லே காட்டிக் கொடுக்குது.

லேப் பக்கம் வந்தா நிறைய முறை இருக்கு. சாய்வா லைட் அடிச்சுப் பாத்தா, கலர் ரொம்ப நாள் ஒட்டியிருந்த இடம் கொஞ்சம் மேடாவும் சீக்கிரம் போன இடம் கொஞ்சம் அரிச்சும் தெரியும், பெயிண்ட் போயிட்டாலும் அதோட வடிவம் நிழல் மாதிரி நிக்கும். அல்ட்ரா வயலட்ல மஞ்சிட்டி வகை வேர்ல இருந்து எடுத்த இளஞ்சிவப்பு தனியா ஒளிரும். ஆனா எல்லாத்தையும் விட பெரிய மாத்தம் கொண்டு வந்தது எகிப்திய நீலத்தைப் புடிக்கற முறை. எகிப்திய நீலம்னா செம்பு, மணல், சுண்ணாம்பு எல்லாம் சேத்து சூளையில வச்சு செயற்கையா செய்யற கலர், ரோம உலகத்துல எங்க பாத்தாலும் இதுதான் நீலம். இது மேல சாதாரண வெளிச்சம் பட்டா இன்ஃப்ராரெட்டை திருப்பி விடும், நம்ம கண்ணுக்குத் தெரியாது, ஆனா அதுக்குன்னு மாத்தின கேமராவுல கரும் பின்னணியில நட்சத்திரம் மாதிரி ஜொலிக்கும். ஜியோவானி வெர்ரிங்கற விஞ்ஞானி இந்த முறையை வளர்த்தெடுத்தார். கண்ணுக்கே தெரியாத ஒரு துகள் ஒட்டியிருந்தாக்கூட மாட்டிக்கும்.

இங்கதான் ஒரு பெரிய ஜாக்கிரதை வேணும்னு நினைக்கறேன், இதை யாரும் போதுமான அளவு சொல்றதில்லை. இந்த முறை எகிப்திய நீலத்தை மட்டும்தான் காட்டும். அதனால நம்ம கையில இருக்கற தடயப் பட்டியல்ல நீலம் தாராளமா இருக்கும், காவி மாதிரி மண்ணுல இருந்து வர்ற கலரும் இருக்கும், ஏன்னா ரெண்டும் அழியாது. செடியில இருந்து எடுத்த கலர், மெல்லிசா மேல பூசின கண்ணாடி மாதிரி பூச்சு, அதைப் புடிச்சு வச்சிருந்த முட்டை, பிசின், மெழுகு இதெல்லாம் 2000 வருஷம் மண்ணுக்குள்ள தாங்காது. கல்லுக்குப் பக்கத்துல இருக்கற அடிப்பூச்சு மிஞ்சும், மேல இருந்த நுணுக்க வேலை முதல்ல போகும். அப்போ மிஞ்சினதை மட்டும் எடுத்து அப்படியே ஒரு நகல் மேல பூசினா, கிடைக்கறது சிலையோட அடிப்பூச்சோட படம்தானே தவிர சிலையோட படம் இல்ல.

நகல்களைப் பாத்து ஜனங்க "ஐயோ இவ்வளவு அசிங்கமா, பொம்மை மாதிரி இருக்கே" ன்னு சொல்றதுக்கு முக்கியமான காரணம் இதுன்னுதான் நான் நம்பறேன். அந்த ரியாக்‌ஷனை வெறும் வெள்ளை மோகம்னு ஒதுக்கறவங்க கூட எனக்கு உடன்பாடு இல்ல. ஏன்னா ரோமக் காலத்து பெயிண்ட்டர்கள் எப்படி வரைஞ்சாங்கன்னு நமக்குத் தெரியும். எகிப்துல ஃபயூம் பகுதியில மம்மி மேல வச்ச முகப் படங்கள் இருக்கு, கி.பி. 1ல இருந்து 3ஆம் நூற்றாண்டு வரைக்கும், மரப்பலகையில, நிறைய படம் மெழுகுல கலர் கலந்து வரைஞ்சது. கன்னத்துல படற வெளிச்சம், மூக்கு ஓரத்து நிழல், கண்ணுல ஒரு வெள்ளைப் புள்ளின்னு உயிரோட இருக்கும். பாம்பேய் சுவர்ல பழத்தை வரைஞ்சவன் அந்தப் பழத்துக்குள்ள வெளிச்சம் போறதைக் கூட வரைஞ்சிருக்கான். அதே ஊர்ல, அதே காலத்துல, அதே வர்ணங்களை வச்சுக்கிட்டு, பேரரசரோட சிலைக்கு மட்டும் சுவருக்கு டிஸ்டெம்பர் அடிக்கற மாதிரி தட்டையா அடிச்சிருப்பாங்களா? எனக்கு நம்பிக்கை இல்ல.

ஆனா எதிர்ப் பக்கம் சொல்றதையும் நியாயமா சொல்லணும். மறுஉருவாக்கம் செய்யறவங்க கேக்கறது என்னன்னா, தடயம் இருக்கற கலரை மட்டும்தான் வைக்க முடியும், நிழலும் ஹைலைட்டும் நானா சேத்தா அது என் கற்பனை ஆயிடும்ல. ரொம்ப நேர்மையான கேள்வி. நகலை ஓவியமா பாக்காம ஒரு வரைபடமா பாருங்கன்னு அவங்க சொல்றாங்க. சரி, ஆனா கண்காட்சிக்கு வர்றவங்க அதை வரைபடமா பாக்கறதில்லையே, இதுதான் ரோம்னு நினைச்சுட்டு வீட்டுக்குப் போறாங்க. அதுவுமில்லாம நகல் பல சமயம் பிளாஸ்டர். மார்பிளுக்குள்ள வெளிச்சம் கொஞ்ச தூரம் போயிட்டு திரும்பி வரும், அதனாலதான் அது தோல் மாதிரி தெரியுது, பிளாஸ்டர்ல அது நடக்காது. மெல்லிசா பூசின அதே கலர் மார்பிள் மேல ஒரு மாதிரியும் பிளாஸ்டர் மேல செத்த மாதிரியும் தெரியும்.

சரி, தோலுக்கு வரேன். தலைமுடி, கண்ணு, உதடு, துணி இதுல கலர் இருந்ததுல பெரிய சண்டை இல்ல, சண்டை எல்லாம் தோல்லதான்.

பழைய எழுத்துல ரெண்டு பக்கத்துக்கும் சாட்சி இருக்கு. ரோம எழுத்தாளர் மூத்த பிளினி ஒரு கதை சொல்றார், கிரேக்கச் சிற்பி பிராக்சிட்டலீஸ் கிட்ட உங்க மார்பிள் சிலைகள்ல எது ரொம்பப் புடிக்கும்னு கேட்டப்போ, ஓவியர் நிக்கியாஸ் கை வச்சது எதுவோ அதுன்னாராம். கிரேக்க எழுத்தாளர் ப்ளூட்டார்க், சிலைக்கு மெழுகு வர்ணம் பூசறவங்க, தங்கம் பூசறவங்கன்னு தனித் தொழில்காரர்களையே குறிப்பிடறார். இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ரோமக் கவிஞர் வர்ஜில் எக்லோக்னு பேர் வச்ச தன்னோட கவிதைகள்ல 7ஆவதுல, டயானா தேவதைக்கு முழுசா வழவழப்பான மார்பிள்ல சிலை வைக்கறேன், கெண்டைக்கால்ல செந்நிற பூட்ஸோட நிப்பன்னு வேண்டுதல் வைக்கற மாதிரி ஒரு வரி எழுதியிருக்கார். எனக்கு இந்த வரி ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா அதுல மார்பிளும் தெரியுது, சிவப்பும் தெரியுது. பூட்ஸுக்கு கலர், உடம்புக்கு கல்லோட வழவழப்பு. இன்னொரு ரோமக் கவிஞர் ஹோரஸும் ஒரு பொண்ணோட நிறத்தை பாரோஸ் தீவு மார்பிளை விட பளிச்சுன்னு இருக்கறதா பாடறார், மார்பிள்னா எப்பவும் கலர் பூசி மூடிடற வெறும் கல்லுன்னு நினைக்கற ஊர்ல அந்த உவமை எடுபடுமா?

இன்னும் ரெண்டு இருக்கு. 2ஆம் நூற்றாண்டு கிரேக்க எழுத்தாளர் லூசியன் ஒரு அழகியை வர்ணிக்க, பெரிய பெரிய சிலைகள்ல இருந்து மூக்கு, கழுத்து, கைன்னு ஒவ்வொண்ணா எடுத்துச் சேத்துட்டு, அப்புறம் கலருக்கு மட்டும் ஓவியர்களைக் கூப்பிடறார். சிலையிலயே தோல் கலர் இருந்தா ஏன் கூப்பிடணும்? அப்புறம் லூசியன் பேர்ல வழங்கற ஒரு நூல்ல க்னிடோஸ் ஊர் அஃப்ரோடைட்டி சிலையைப் பாக்கப் போறவங்க தொடையில ஒரு கறையைப் பாக்கறாங்க, மத்த இடமெல்லாம் கல்லு பளிச்சுன்னு இருக்கறதால அந்தக் கறை இன்னும் எடுத்துக் காட்டுதுன்னு வருது, அதைச் சொல்றவர் முதல்ல கல்லுலயே இருக்கற குறைன்னுதான் நினைக்கறார். தொடை முழுக்க கெட்டியா பெயிண்ட் இருந்தா அப்படி நினைக்கவே வாய்ப்பில்ல. குறைஞ்சபட்சம் இந்த நூல் எழுதினவர் மனசுல அந்தச் சிலையோட தோல் மார்பிளாத்தான் இருந்திருக்கு.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல தென் இத்தாலியில செஞ்ச ஒரு ஜாடி இருக்கு, கி.மு. 4ஆம் நூற்றாண்டு, அதாவது ரோமுக்கு முந்தின கிரேக்க வேலை. அதுல ஒரு பெயிண்ட்டர் ஹெராக்ளீஸ் சிலைக்கு கலர் பூசிக்கிட்டு இருக்கார், பக்கத்துல கரி அடுப்புல கருவிய சூடு பண்றாங்க, ஹெராக்ளீஸே நேர்ல வந்து தன்னோட சிலையைப் பாத்துட்டு நிக்கறார். அவர் பூசறது சிங்கத்தோல் மேல. இது தோல் கேள்விக்கு முடிவு சொல்லாது, ஆனா பூசற வேலை எப்படி நடந்துச்சுன்னு கண்ணால பாக்கற மாதிரி இது மாதிரி இன்னொரு சாட்சி கிடைக்கறது கஷ்டம்.

இந்த எழுத்து சாட்சியெல்லாம் பாத்துட்டு நான் கொஞ்ச நாள் வெள்ளைத் தோல் பக்கம்தான் சாஞ்சிருந்தேன், பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கற ட்ராய் தலையைப் பத்தி படிக்கற வரைக்கும். 1884ல ரோம்ல எஸ்குவிலின் குன்றுல கிடைச்ச பெண் தலை, 2ஆம் நூற்றாண்டு, மேல சொன்ன கேயோர்க் ட்ராய் பேர்லதான் அழைக்கறாங்க. முடியில மஞ்சள், கண்ணுல கலர், தோல்லயும் கலர். இவ்வளவு கலர் இருக்கவே, இது உண்மையான பழைய தலைதானா, பின்னாடி யாராவது பூசினதான்னு சந்தேகம் வந்துச்சு. அப்புறம் 2010ல வெளிவந்த பிரிட்டிஷ் மியூசியம் ஆய்வுல தோல் பூச்சைப் பிரிச்சுப் பாத்தா, பல கலர் கலந்த ஒரு நுணுக்கமான வேலை, அதுக்குள்ள எகிப்திய நீலமும் கலந்திருக்கு. தோல் கலருக்குள்ள நீலம்! கண்ணோட வெள்ளையிலயும் இருக்கு. ஓவியம் வரையறவங்களுக்கு இது ஆச்சரியமே இல்ல, தோல்ல குளிர்ச்சியான நிழல் வேணும்னா நீலம் தொடாம வராது. பழைய ரோமப் பெயிண்ட்டருக்கும் அது தெரிஞ்சிருக்கு.

ஆக அந்தத் தலை ஒரே நேரத்துல ரெண்டு கட்சியையும் கேள்வி கேக்குது. தோல்ல பெயிண்ட்டே இல்லைன்னு பொதுவா சொல்ல முடியாது, இருக்கு. தட்டையா ஒரே பிங்க் அடிச்சாங்கன்னும் சொல்ல முடியாது, அடிக்கலை. 2006ல பாம்பேய் பக்கத்து ஊரான ஹெர்குலேனியத்துல கிடைச்ச அமேசான் பெண்ணோட (கிரேக்கக் கதைகள்ல வர்ற போர்வீராங்கனை) தலையும் இப்படித்தான். வெசுவியஸ் எரிமலை 79ல வெடிச்சு மூடினதால அதுக்கப்புறம் எந்த ரிப்பேர்காரர் கையும் படலை. முடியில செம்பழுப்பு, புருவமும் கண் இமை முடியும் ஒவ்வொண்ணா மெல்லிய பிரஷ்ல இழுத்திருக்கு. அந்த இமை முடி போட்டோவைப் பாத்தப்புறம் ரோமச் சிலைக் கலர்னா கெட்டியா அப்பினதுன்னு யார் சொன்னாலும் என்னால ஏத்துக்க முடியலை.

அப்போ வர்ஜிலும் லூசியனும் பொய்யா? இல்லைன்னு நினைக்கறேன். ரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், சுவர்ல பூசின இங்குலிகச் சிவப்பு வெயில்ல கறுத்துப் போகாம இருக்க மெழுகும் எண்ணெயும் பூசித் தேய்ச்சு பாலிஷ் பண்ற விதத்தைச் சொல்லிட்டு, அம்மணமான மார்பிள் சிலைகளைப் பராமரிக்கற மாதிரியேன்னு சேத்துச் சொல்றார். அதாவது தோல் பாகத்துக்குன்னு ஒரு மெழுகு வேலை தனியா இருந்திருக்கு. அந்த மெழுகுல துளி கலர் கலந்திருந்தா, தோல் வெள்ளைக் கல்லும் இல்ல, பெயிண்ட் அடிச்சதும் இல்ல, கல்லோட பளபளப்பு உள்ள இருந்து தெரியற இளஞ்சூடான ஒரு நிறமா இருக்கும், பாத்தவர் அதை மார்பிள்னும் சொல்லலாம், தோல்னும் சொல்லலாம். இது என் ஊகம்தான், ஆனா எல்லா சாட்சியையும் ஒண்ணா நிக்க வைக்கறது இதுதான்னு படுது. அதுவும் எல்லாச் சிலைக்கும் ஒரே விதின்னு இருந்திருக்க வேண்டியதில்ல. ரோமானியர்களுக்கு கல்லோட சொந்தக் கலர் மேலயும் அவ்வளவு ஆசை, ஹாட்ரியன் மாளிகையில கிடைச்ச ரெண்டு சென்டார் (பாதி மனுஷன் பாதி குதிரை) சிலையும் கறுத்த சாம்பல் மார்பிள்ல செஞ்சது, அந்தக் கல்லையே தேடி எடுத்துட்டு வந்தவங்க அதை முழுசா பெயிண்ட்டால மூடியிருப்பாங்களா? ரோம்ல டைட்டஸ் வளைவுல செதுக்கியிருக்கற மெனோராங்கற யூதர்களோட விளக்கு மேல 2012ல மஞ்சள் காவி கண்டுபிடிச்சாங்க, அது உயரத்துல இருக்கற புடைப்புச் சிற்பம், தூரத்துல இருந்து பாத்தா தங்கமா தெரியணும், அங்க கெட்டியா பூசினாத்தான் வேலைக்கு ஆகும். வீட்டுக்குள்ள கைக்கெட்டும் தூரத்துல வச்ச முகச்சிலைக்கு அதே கணக்கு எப்படி செல்லும்?

"தடயம் இல்ல" ங்கறதை எப்படிப் படிக்கறதுங்கறது இன்னொரு தலைவலி. 16, 17ஆம் நூற்றாண்டுல ரோம்ல தோண்டி எடுத்த சிலைகளை சுரண்டினாங்க, அமிலம் போட்டுக் கழுவினாங்க, உடைஞ்ச மூக்கை ஒட்டவச்சு எல்லாம் ஒரே கலரா தெரிய பாலிஷ் போட்டாங்க, பிளாஸ்டர் அச்சு எடுத்து எடுத்து மிச்சத்தையும் உரிச்சாங்க. அந்த மாதிரி ஒரு சிலையோட கன்னத்துல கலர் இல்லைன்னா அது ஒண்ணுமே நிரூபிக்காது. ஆனா ப்ரிமா போர்ட்டா அகஸ்டஸ் மாதிரி, துணியில கலர் நிக்குது, அதே சிலையில தோல்ல மட்டும் ஒண்ணுமில்லைன்னா அது கொஞ்சம் கனமான மௌனம். லிவெரானி அதை மதிச்சார். தார்ரகோனா குழு தோல்ல இருந்தது முதல்ல அழியற வகை பூச்சுன்னு எடுத்துக்கிட்ட மாதிரி தெரியுது. நான் ரெண்டு பேரையும் தப்பு சொல்ல மாட்டேன், ஆனா ரெண்டு நகலும் ஒவ்வொரு இடத்துலயும் ஒரே உறுதியோட பேசுது பாருங்க, மேலங்கி சிவப்பும் தோல் கலரும் ஒரே அளவு நிச்சயம்ங்கற மாதிரி, அதுதான் எனக்குக் குறையா படுது.

இதுல அரசியலும் கலந்துடுச்சு. 2017ல சாரா பாண்ட்ங்கற அமெரிக்க வரலாற்றாசிரியர், பழைய உலகத்தை வெள்ளையாவே பாக்கறதுக்கும் இனவாதத்துக்கும் இருக்கற தொடர்பைப் பத்தி எழுதினதுக்கு கொலை மிரட்டல் வரைக்கும் வந்துச்சு. ரொம்ப அநியாயம். ஆனா அந்தச் சண்டையால, நகல் சரியில்லைன்னு சொல்றவங்க எல்லாரும் வெள்ளை வெறியர்கள்னும், நகல் செய்யறவங்க எல்லாரும் அரசியல் பண்றாங்கன்னும் ரெண்டு முகாமா பிரிஞ்சு போனது ஆராய்ச்சிக்கு நல்லதில்ல. எகிப்திய நீலத் துகளுக்கு எந்தக் கட்சியும் கிடையாது.

கோபன்ஹேகன்ல நி கார்ல்ஸ்பெர்க் கிளிப்டோடெக் மியூசியத்துல ரோமப் பேரரசர் காலிகுலாவோட தலைச் சிலை ஒண்ணு இருக்கு, கண்ணுகிட்ட இன்னும் பெயிண்ட் மிச்சம் இருக்கு. அதுக்கு ஒண்ணுக்கு மேல கலர் நகல் செஞ்சிருக்காங்க, பழசு தட்டையா இருக்கும், பின்னாடி வந்ததுல தோல்ல ஏத்த இறக்கம் இருக்கும். எனக்கு வேண்டியது இதுதான், ஒரே தலைக்கு நாலஞ்சு நகல் வரிசையா, முதல்ல தடயம் இருக்கற இடம் மட்டும் கலரோட, அடுத்தது அதே காலத்து மத்த தலைகளை வச்சு ஊகிச்சது, அடுத்தது ஃபயூம் படங்களை வரைஞ்ச கை மாதிரி ஒரு கை பூசினா எப்படி இருக்கும்னு, ஒவ்வொண்ணுக்குக் கீழயும் எது உறுதி எது ஊகம்னு எழுதி வச்சு. முக்கியமா மார்பிள்லயே செய்யணும், பிளாஸ்டர்ல வேண்டாம். செலவு அதிகம், தெரியும், ஆனா உலகம் பூரா சுத்தற கண்காட்சிக்கு செலவழிக்கற காசுல இது ஒரு பங்குதான் இருக்கும். அதோட இன்னைக்கு மண்ணுல இருந்து புதுசா வர்ற எந்தத் தலையையும் தண்ணி ஊத்திக் கழுவறதுக்கு முன்னாடி அந்த இன்ஃப்ராரெட் கேமரா முன்னாடி வைக்கணும், காதுக்குப் பின்னாடி, முடிச் சுருளுக்குள்ள, மூக்கு ஓரத்துல ஒட்டியிருக்கற மண்ணோட சேத்து.

அந்த மண்ணுக்குள்ள தோல் பூச்சோட மேல் அடுக்கு நாலு தலையில மிஞ்சியிருந்தாக்கூட போதும், ரெண்டு அகஸ்டஸ்ல எது உண்மைக்குப் பக்கம்னு பேச ஆரம்பிச்சிடலாம்.